கன அளவு அண்ணாச்சி

சிவகாசி வட்டாரத்தில் யார் வயிற்றில் எவ்வளவு பெரிய கல் இருக்கிறது என்பது கடவுளுக்குத் தெரியும். கடவுளுக்கே சந்தேகம் வந்தால் எங்கள் அண்ணாச்சியைத்தான் கேட்டிருப்பார்.

நான் ரிப்போர்ட் டைப் அடிக்கும் ஸ்கேன் சென்டரில் அண்ணாச்சி சி.டி. மெஷின் ஓட்டினார். ‘கன அளவு’ என்றால்தான் அவரைத் தெரியும். சிறுநீரகக் கல்லை மற்றவர்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கோடு இழுத்து, ‘ஒன்பது மில்லிமீட்டர்’ என்று முடித்துவிடுவார்கள். இவர் கம்ப்யூட்டரில் கல்லை ஏடு ஏடாகப் பிரித்து, ஒவ்வொரு ஏட்டிலும் ஓரத்தைச் சுற்றிக் கோலம் போட்டு, சாஃப்ட்வேரைக் கூட்டச் சொல்லி, மொத்தக் கன அளவைக் கன மில்லிமீட்டரில் எடுப்பார். அதற்குள் வெளியே காத்திருப்பவர்கள் இரண்டு தடவை டீ குடித்திருப்பார்கள்.

டீக்கடையிலும் இதே கதைதான். உளுந்த வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓட்டையைக் கழிச்சா நேத்தை விடக் கம்மியால்ல இருக்கு” என்பார்.

“அப்ப ஓட்டையை வச்சுட்டு மத்ததைத் தின்னுங்க அண்ணாச்சி” என்பார் கடைக்காரர்.

பேர் அவருக்கு ஞாபகம் இருக்காது, கல் மறக்காது. திருத்தங்கல் பஸ்ஸில் ஒருவரைப் பார்த்து, “எடது பக்கம், எம்பத்தஞ்சு. நீங்கதான?” என்று கேட்டுவிட்டார். அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பெண் வீட்டார்.

டாக்டர்களுக்குப் புரியாத அவர் கணக்கு, பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்குச் சட்டென்று புரிந்தது. புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் முத்துலட்சுமி வந்தபோது கேட்டார்.

“ஏம்மா, ரெண்டு புஸ்வாணம் ஒரே உசரம். ஒண்ணு ஒல்லி, ஒண்ணு குண்டு. ஒரே மருந்தா அடைப்பீக?”

“அதெப்படி அண்ணாச்சி? குண்டு ரெண்டு மடங்கு குடிக்கும்ல.”

“அம்புட்டுதான். இது படிச்சவுகளுக்கு ஏற மாட்டேங்குது.”

அவருடைய கன அளவு வரியால் ரிப்போர்ட் இரண்டாம் பக்கத்துக்குப் போனது. ஒரே பக்கத்தில் முடிக்கச் சொன்னார் முதலாளி. அண்ணாச்சியிடம் சொன்னால் அரை நாள் விளக்கம் கேட்க வேண்டும். அதனால் அவரிடம் சொல்லாமலே அந்தக் கடைசி வரியை வெட்டத் தொடங்கினேன். அவர் அளந்து கொடுத்தார், நான் அழித்துக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் முத்துலட்சுமி திரும்ப வந்தாள். நீளம் அதே ஒன்பது. கன அளவு நூற்றுப்பத்திலிருந்து முந்நூறுக்குப் பக்கத்தில் போயிருந்தது. “குண்டாயிருச்சும்மா. ரிப்போர்ட்ல போட்டுருக்கேன், டாக்டர் பாத்துக்கிடுவாக” என்று அனுப்பினார் அண்ணாச்சி. போன வருஷமும் ஒன்பது, இப்போதும் ஒன்பது என்பதைப் பார்த்த டாக்டர், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்திருந்தது. டாக்டரே சொல்லிவிட்டாரே என்று அவளும் வலியோடு வேலைக்குப் போனாள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு கிட்னியை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அவள் புருஷன் ரிப்போர்ட்டோடு வந்து, “குண்டாயிருச்சுன்னு வாயால சொன்னீகளாமே, அதை ஏன் எழுதலை?” என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி ரிப்போர்ட்டைப் படித்தார். தன் வரி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார்.

“நாந்தான் விட்டுட்டேன்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. சாயங்காலமே அவருக்குக் கணக்கு முடித்தார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தார்.

“ஏம்மா, இனிமே ரெண்டு பக்கம் ஆனாலும் ஆகட்டும்” என்றார். அவ்வளவுதான்.

புதிதாக வந்தவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கன அளவு எடுக்க வைக்கிறேன். எல்லா ரிப்போர்ட்டும் இப்போது இரண்டு பக்கம். முதலாளி திட்டுகிறார், திட்டட்டும்.

அண்ணாச்சி சாத்தூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. ஒரு நாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சொல்லப் போவது ஒரே ஒரு வரி. நீளத்தைப் பார்த்தால் ரொம்பச் சின்னதுதான். நல்லவேளை, அவர் நீளத்தைப் பார்க்கிற ஆள் இல்லை.