கரடிச் சங்கம் காத்த ஹால் டிக்கெட்

ஒரு காட்டில், பரீட்சை எழுதிய கரடி ஒன்றுகூட இல்லை என்ற மானக்கேட்டைத் துடைக்கவே ஒரு சங்கம் இருந்தது. பெயர் 'கருங்கரடிச் சகோதரர் கல்வி வழிகாட்டுச் சங்கம்'. லெட்டர்பேடு, சால்வை மூட்டை, சொந்த மைக் செட் எல்லாம் உண்டு. மாணவன்தான் இல்லை.

அந்தக் குறையை மருதன் என்ற இளங்கரடி தீர்த்துவைத்தான். காட்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் பரீட்சை. விண்ணப்பத்தை நாலு தடவை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் சர்வர் டவுன் ஆகி, ஒருவழியாக ஹால் டிக்கெட் வாங்கிவிட்டான். வயது வரம்புப்படி அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

விஷயம் தெரிந்ததும் தலைவர் தேனப்பன் கண்கலங்கிப் போனார். நம் இனத்துப் பிள்ளை பரீட்சைக்குப் போகிறான், சும்மா அனுப்பலாமா என்று அவசரக் கூட்டம் கூட்டினார். ஹால் டிக்கெட்டைச் சங்கம் வாங்கி வைத்துக்கொள்வது, பரீட்சையன்று காலை எட்டு மணிக்கு மேடையில் சிறப்பு விருந்தினர் கையால் வழங்குவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பத்து மணிக்குள் ஆற்றைத் தாண்டிப் பரீட்சை ஹாலுக்குப் போகணுமே என்று மருதன் இழுத்தான்.

"உன்னைவிட எங்களுக்குத்தான் தம்பி அந்தக் கவலை அதிகம்," என்றார் தேனப்பன்.

எட்டுக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் யானையார் ஒன்பதரைக்கு வந்தார். அப்புறம் குத்துவிளக்கு, வரவேற்புரை. நேரந்தவறாமை பற்றிப் பொருளாளர் முக்கால் மணி நேரம் பேசினார். மருதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஹால் டிக்கெட் இருந்த தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்த போதெல்லாம் யாராவது ஒரு சால்வையைப் போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டே காலுக்குத்தான் ஹால் டிக்கெட் கைக்கு வந்தது. படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கொடுங்க என்றது போட்டோகிராபர் குரங்கு. மருதன் மேடையிலேயே ஓவென்று அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

தேனப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வேலை வெட்டியில்லாத பிள்ளையை அப்படியே விட முடியுமா? இளைஞர் வழிகாட்டுச் செயலாளர் பதவியைக் கொடுத்தார். மைக்கைப் பிடித்த அன்றே மருதனின் அழுகை நின்றுபோனது. பரீட்சையில் ஜெயிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினான். இரண்டாம் மாதம், சால்வை இல்லாமல் வெளியே போகவே கூச்சமாக இருந்தது.

அடுத்த வருஷம் இன்னொரு இளங்கரடிக்கு ஹால் டிக்கெட் வந்தது. முதல் ஆளாக அவன் குகை வாசலில் போய் நின்றவர் செயலாளர் மருதன் அவர்கள்தான்.

"இங்கே கொடு தம்பி, சங்கத்துல பத்திரமா இருக்கும்," என்று கையை நீட்டினார்.

நீதி: பரீட்சை எழுதினால் வேலை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். எழுதாவிட்டால் மைக் நிச்சயம்.