அடித்தல் திருத்தல் ஒன்று

ஓட்டுப் போடத் தெரியாதவன் ஒருவன் மாநிலத் தேர்தல் அதிகாரி ஆகப் பார்த்தான். அவன் நான்தான். நானாகச் சொல்லாவிட்டால் கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

நான் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் என் மேசை. அடுத்த மேசை என் மனைவியின் தம்பி வைரவனுடையது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தாலும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கடைசியில் 'அடித்தல் திருத்தல் இத்தனை' என்று கணக்குச் சொல்லி, எழுத்தரின் லைசென்ஸ் நம்பரையும் போட்டுவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்து செய்து, என் கை என்னைக் கேட்காமலே செய்யப் பழகிவிட்டது.

எங்கள் பத்திர எழுத்தர் மாநிலச் சங்கத்தில் தேர்தல் என்றால் நாற்காலி பறக்கும். போன தடவை ஓட்டுப்பெட்டியே காணாமல் போய், மண்டபத்துச் சமையலறையில் சாம்பார் அண்டாவுக்குள் கிடைத்தது. அதனால் தேர்தல்களை நடத்த நிரந்தரமாக ஒரு தலைமைத் தேர்தல் அதிகாரி வேண்டும், எல்லா மாவட்டப் பிரதிநிதிகளும் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவானது. அதாவது, தேர்தல் நடத்துகிறவருக்கே ஒரு தேர்தல்.

"இம்புட்டு நேர்மையான வேலைக்கு என்னைய விட்டா ஆளு யாரு மாப்ள?" என்றேன்.

"நில்லுங்க மச்சான். நான் பாத்துக்கிறேன்," என்றான் வைரவன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தான். மூன்று மாதம் தன் மேசையைப் பூட்டிவிட்டு எனக்காகத் திருநெல்வேலி, சேலம், வேலூர் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினான். நான் போன ஊரிலெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினேன். 'செல்லாத ஓட்டே விழாத தேர்தல்' என்பது என் நோட்டீஸின் தலைப்பு. "கட்டத்துக்குள்ள டிக் மட்டும். வேற ஒரு புள்ளி வச்சாலும் செல்லாது," என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன் (பத்திரம் எழுதுகிறவர்களுக்கு டிக் அடிக்கச் சொல்லிக்கொடுத்த மகராசன்).

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓட்டுப்பதிவு. நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சங்கத்துக்கு வெளி ஆள். என்னை எதிர்த்து நின்றவர் கரூர்க்காரர். காலையில் அவரோடு வைரவன் சிரித்துப் பேசி டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது மனதில் முள்ளாகத் தைத்தது. அந்த எரிச்சலோடேயே உள்ளே போனேன், டிக் அடித்தேன், மடித்துப் பெட்டியில் போட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணி முடித்ததும் தலைமையாசிரியர் அறிவித்தார். கரூர்க்காரர் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்துவிட்டார். செல்லாத ஓட்டு ஒன்று, சீட்டில் ஏதோ எழுதியிருந்ததாம்.

விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். எங்கூடவே இருந்து, என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, எனக்கே குழி பறிச்சிருக்கான் என் மச்சினன் வைரவன்." அத்தோடு விட்டேனா? "அந்தச் சீட்டக் காட்டுங்க. எழுத்தப் பாத்தே ஆளச் சொல்லிருவேன்," என்றேன்.

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தி, "வேணாம்ங்க, விட்ருங்க," என்றார்.

"காட்டித்தான் ஆகணும்."

அவர் பெருமூச்சு விட்டுச் சீட்டை நீட்டினார். என் பெயருக்கு நேராக டிக். அதன் வால் நீண்டு கரூர்க்காரர் கட்டத்துக்குள் இறங்கியிருந்தது. அந்த வாலை முறைப்படி அடித்து, பக்கத்தில் ஒரு கையெழுத்து. அடியில் முத்து முத்தாக, 'அடித்தல் திருத்தல் ஒன்று.' கையெழுத்து என்னுடையது.

முன்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "லைசென்ஸ் நம்பர் போடலயேண்ணே," என்றார். மண்டபமே சிரித்தது.

வைரவன் சிரிக்கவில்லை. மூலையில் என் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், கையை நிறுத்தாமல் சுருட்டிக் கட்டினான். தோற்றது எனக்கு அப்போதே மறந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் குனிந்து நின்றேன். அவனேதான் என்னைத் தன் வண்டியில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். மேலூரில் டீ வாங்கிக் கொடுத்து, "ஆறுது, குடிங்க," என்றான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீயைத்தான் குடித்தேன்.

மறுநாள் அவன் மேசை கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. என் மனைவி சோறு போட்டாள், பேசவில்லை. ஒரு வாரம் தாங்கினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில், முத்திரைத்தாள் வாங்கி, 'மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த மன்னிப்புப் பத்திரம்' என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம் எழுதி நீட்டினேன். வைரவன் நிதானமாக முழுக்கப் படித்தான்.

"ரெண்டாவது பக்கத்துல ஒரு எழுத்து தப்பா இருக்கு மச்சான். திருத்தி, கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி வாயாலதான சொன்னீக. இதையும் வாயால சொல்லுங்க."

கொட்டகையில் இருந்த அத்தனை எழுத்தர்களும், பத்திரம் பதிய வந்திருந்த ஒரு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, "தப்பு எம்மேலதான் மாப்ள," என்றேன். இரண்டு பக்கம் எழுதியதைவிட அது கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் அவன் மேசை பழைய இடத்துக்கு வந்தது.

இப்போதெல்லாம் எந்தத் தேர்தல் வந்தாலும் குடும்பமாகத்தான் ஓட்டுப் போடப் போகிறோம். போன தடவையும் பள்ளிக்கூட வாசலில் வைரவன் கையை நீட்டினான்.

"பேனாவக் குடுத்துட்டுப் போங்க மச்சான்."

"மிஷின்ல பட்டன் அமுக்குறதுதானடா, எங்கிட்டுக் கையெழுத்துப் போடப் போறேன்?"

"உங்கள நம்ப முடியாது," என்றான். என் மனைவியும் பிள்ளைகளும் வரிசையை மறந்து சிரித்தார்கள். நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.