கோட்டுக்காரம்மாவின் பைக்குள்ளே

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தைக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். காவல் தெய்வம் மாடசாமிக்குப் பயப்படாதவர்கள்கூட ஓரிருவர் இருந்தார்கள், குடித்திருக்கும்போது மட்டும். ஆனால் கோட்டுக்காரம்மாவுக்குப் பயப்படாத ஜீவன் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் பிறக்கவே இல்லை. பங்களா நாய் என்னைக் கண்டால் பல்லைக் காட்டும். அவரைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு பங்களாவுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும்.

ஐம்பதுகளில் நான் இலங்கை மலைநாட்டில் அந்தத் தோட்ட ஆபீசில் சின்னக் கிளாக்கர். பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. துரைக்குப் பயம், பெரிய கிளாக்கருக்குப் பயம், அட்டைக்குப் பயம், மழை பிடித்துக்கொண்டால் மண்மேடு சரியுமோ என்று பயம். இத்தனைக்கும் மேலே கோட்டுக்காரம்மா. பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்தக் காலத்தில் கொழுந்து பறித்தவர்கள் பெண்கள். அவர்களை விரட்டியவர்கள் ஆண்கள். பறிக்கிற ஆட்களுக்கு மேலே கங்காணி, அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, எல்லாருக்கும் மேலே வெள்ளைக்காரத் துரை. பெண்கள் ஏறக்கூடியது மலை ஒன்றுதான்.

இருந்த கங்காணி கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். கணக்கப்பிள்ளை அந்த இடத்தில் தன் மச்சானை வைத்தார். மச்சான் மத்தியானத்துக்குள் சாராயத்தில் மிதந்து, தேயிலைச் செடிக்கடியில் தூங்கிப்போனார். அடுத்து வந்தவர் குடிக்காதவர், நல்லவர். ஆனால் பனிமூட்டத்தில் வழி தவறி, பெண்களையெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய், அங்கே கூடை நிறையக் கொழுந்தும் பறிக்க வைத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துத் துரை போனில் கத்தியது எங்கள் ஆபீஸ் வாசல்வரை கேட்டது. அன்றைக்கு அத்தனை பேரையும் பனிக்குள் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவந்தவர், பறிக்கிற பெண்களில் ஒருவர். நெடுநெடுவென்று வளர்ந்த விதவை. அதிகம் பேசாதவர்.

மறுநாள் பெரட்டுக்களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற நேரத்தில், துரை கம்பை நீட்டி அவரைக் காட்டினார்.

"இனிமே இந்தப் பொம்பளைதான் கங்காணி."

கணக்கப்பிள்ளை இருமினார்.

"தொரை, கொழும்பிலேருந்து பெரிய தொரை வந்தா என்னா சொல்றதுங்க?"

துரைக்கும் அது உறைத்தது. கம்பெனியின் பெரிய துரை மலையைப் பார்க்க வரும்வரை இந்த ஏற்பாடு என்றார். அவர் சரியென்றால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி கூடைதான். கணக்கப்பிள்ளை பெண்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நல்லா கேட்டுக்கங்க. இந்தம்மா எறங்குனா, இதுக்கப்புறம் ஒரு பொம்பளயும் ஏறமுடியாது."

அந்தப் பயம் அன்றைக்கே பெண்கள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

புதுக் கங்காணியம்மா துரையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கங்காணின்னா கோட்டு வேணுமுங்க." கங்காணிமார் கோட்டுப் போடுவது வழக்கம், அதில் தப்பில்லை. துரை சிரித்துக்கொண்டே தன்னுடைய பழைய கட்டம் போட்ட கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். அதை உடம்புக்குத் தக்கபடி வெட்டித் தைத்து வர, ஹட்டன் டவுனுக்கு என்னையும் கூட அனுப்பினார்.

தையற்கடை முஸ்லிம் நானா கோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பொம்புளைக்கு நான் அளவெடுக்கிறல்ல தம்பி."

"அப்ப எப்படி நானா தைக்கிறது?"

அவர் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே உசரம். நீங்க கையத் தூக்குங்க" என்று என்னை அளந்துவிட்டார். என் மார்பு, என் தோள், என் கை. கோட்டு மட்டும் அந்தம்மாவுக்கு. அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பை ரெண்டும் ஆழமா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆழமான பைகள்தான் பிறகு தோட்டத்தின் தூக்கத்தைக் கெடுத்தன. சேலைக்கு மேலே கோட்டு, பைக்குள் இரண்டு கையும். இப்படித்தான் அவர் மலையில் நிற்பார். பழைய கங்காணிகள் போலக் கத்தமாட்டார். ஒருத்தி முற்றிய இலையைக் கிள்ளினால், அவளுக்குப் பின்னால் வந்து நின்று "ம்" என்பார். அந்த "ம்" கேட்டுக் கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குப் பால் வற்றிவிட்டது என்றுகூடத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பேசிக்கொண்டார்கள். மழையானாலும் வெயிலானாலும் கைகள் வெளியே வராது. பைக்குள் கத்தி இருக்கிறது என்றார் ஒருவர். நாகப்பாம்புக் குட்டி என்றார் இன்னொருவர். வசிய மருந்து, அதை வைத்துத்தான் துரையை மடக்கியது என்று முடித்துவைத்தார் கணக்கப்பிள்ளை.

அவருக்கு அப்படியொரு ஆத்திரம் வரக் காரணம் இருந்தது.

துரை வழியில் வந்தால் குடையை மடக்கி, தொப்பியைக் கழற்றி, ஓரத்து வடிகாலில், அதாவது கானில், இறங்கி நிற்கவேண்டும். கொட்டுகிற மழையானாலும் அதுதான் மரியாதை. ஒருநாள் காலை, முன்னால் போகிற ஆள் தெரியாத பனி, கூடவே அடைமழை. கணக்கப்பிள்ளையும் நானும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். எதிரே பனிக்குள்ளிருந்து கட்டம் போட்ட கோட்டு வந்தது.

"தொரைடா!" என்று மூச்சுவிட்டார் கணக்கப்பிள்ளை. குடை மடங்கியது, தொப்பி இறங்கியது, முழங்கால் தண்ணீரில் கானுக்குள் நின்றார். நானும் நின்றேன்.

"சலாமுங்க தொரை!"

கோட்டு எங்கள் பக்கத்தில் வந்து ஒரு கணம் நின்றது. "ம்" என்றது. போய்விட்டது.

கணக்கப்பிள்ளைக்கு அன்றைக்குப் பிடித்த சளி அந்த மாதம் முழுக்க விடவில்லை. சளியைவிட, அவர் ஒரு பொம்பளைக்குச் சலாம் போட்ட கதை லயம் லயமாகப் போனதுதான் அவரைப் படுத்தியது. "பெரிய தொரை வரட்டும்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே கறுவினார்.

பெரிய துரை வந்தார். அன்றைக்கும் பனி. எங்கள் துரையும் நானும் ஆபீஸ் காகிதங்களோடு அவருக்குக் கொஞ்சம் பின்னால் நடந்தோம். குளிருக்காக அவரும் ஒரு கட்டம் போட்ட கோட்டுப் போட்டிருந்ததை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. மலைமேல் இருந்து கணக்கப்பிள்ளை இறங்கி வந்தார். பனிக்குள் கோட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை ஏமாற அவர் தயாராக இல்லை. குடையை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பாதை நடுவில் காலை அகட்டி நின்றார்.

"ஒதுங்குடி! ஒரு தடவ சலாம் வாங்குனது பத்தாதா ஒனக்கு?"

பனி விலகியது. முதலில் பெரிய துரையின் சிவந்த முகம், பின்னால் எங்கள் துரையின் வெளுத்த முகம். என் முகம் எந்த நிறத்தில் இருந்ததோ தெரியாது. பெரிய துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதுதான் கொடுமை.

"யாரு ஒதுங்குறது?"

கணக்கப்பிள்ளை கானில் விழுந்தார் என்றே சொல்லவேண்டும். அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினார். "தொரை கோட்டப் போட்டுக்கிட்டு ஒரு பொம்பளங்க... அவதானுன்னு நெனச்சு... அவ பையில மருந்து வச்சிருக்காளுங்க..."

"கூப்பிடு அவளை."

கூப்பிடத் தேவையில்லை. மேலே பெண்கள் செடிகளுக்கு நடுவே வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கை பைக்குள் இருக்க, கோட்டுக்காரம்மா. நாங்கள் ஏறிப் போனோம். தொலைந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பெண்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

"கோட்டு கழட்டு" என்றார் பெரிய துரை.

கழற்ற வேண்டுமென்றால் கை வெளியே வரவேண்டும். வந்தது. கத்தி இல்லை, பாம்பு இல்லை. காய்ந்த பாக்கு ஒன்று மட்டும் கீழே விழுந்து உருண்டது. அந்தக் கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர் நடுக்கம் இல்லை அது. விரல் விரலாக, முழங்கைவரை, காற்றில் கொழுந்து ஆடுகிற மாதிரி ஆடின. கங்காணியான நாளிலிருந்து அவை அப்படித்தான் ஆடியிருக்கின்றன என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை நாள் நாங்கள் பயந்தது, எங்களைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்த ஒருவருக்கு.

பெரிய துரைக்கும் அது தெரிந்தது. உதட்டைப் பிதுக்கினார். கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "நீ வேலை தொடங்கு" என்றார்.

கானிலிருந்து சேற்றோடு ஏறி வந்திருந்த கணக்கப்பிள்ளைக்கு உயிர் திரும்பியது. "நெரை புடிங்க!" என்று கத்தினார். ஆளுக்கொரு நிரைச் செடியில் இறங்கிப் பறிக்கச் சொல்லும் உத்தரவு அது. கங்காணி சொல்லாமல் யாரும் செடியில் கைவைக்கக் கூடாது என்பது மலை வழக்கம்.

யாரும் கைவைக்கவில்லை.

"நெரை புடிங்கங்கிறேன்ல!"

முன்னால் நின்றவளுக்குப் பற்கள் தந்தியடித்தன. இன்னொருத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வேலை போகும், லயம் போகும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பயந்துகொண்டே நின்றார்கள், நகரவில்லை. அத்தனை கண்ணும் கோட்டில்லாத கங்காணியம்மா மேலேயே இருந்தன.

அவர் வாயைத் திறந்தார்.

"புள்ளைகளா... நெரை புடிங்க."

குரலும் நடுங்கியது. ஆனால் மலை முழுக்க ஒரே நேரத்தில் அசைந்தது. கூடைகள் குலுங்க அத்தனை பெண்களும் செடிகளுக்குள் இறங்கினார்கள். அந்தச் சரசரப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பெரிய துரை அதைப் பார்த்தார். பிறகு எங்கள் துரையிடம், எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"அந்தக் கோட்டு வேணாம். அந்தப் பொம்பளை இருக்கட்டும்."

சாயங்காலம் கோட்டுக்காரம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். கோட்டு மடித்துக் கையில் இருந்தது.

"இத நீங்க வச்சுக்கங்க சின்னய்யா. ஒங்க அளவுதானுங்களே."

"எனக்கு எதுக்கும்மா?"

"தொரை கூப்புட்டா ஒங்க பேனா ஆடுறத நான் எத்தனை தடவ பாத்திருக்கேன். பை ஆழமா இருக்குங்க" என்றார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "எனக்குத்தான் இனிமே கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

மறுநாள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மலையில் நடந்தார். துரைமார் நடக்கிற நடை அது. தோட்டம் முன்னைவிட அதிகமாகப் பயந்தது.

போன வாரம் ஒரு பத்திரிகையில் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குத் தலைவியான அம்மாவின் படம் பார்த்தேன். கோட்டுப் போட்டு, பைக்குள் கைவிட்டு நிற்கிறார். என்ன கம்பீரம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் எழுந்துபோய் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் அளவுக்கே தைத்தது, ஆனாலும் அந்தப் பைக்குள் கையை விடும்போதெல்லாம், உள்ளே ஏற்கெனவே இருக்கிற இரண்டு கைகளுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைக்கிறேன்.