கடைசிக் கட்டத்தில் கணினி அறிவியல்

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதற்காக யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியதையெல்லாம் என் மனைவி புஷ்பா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். என் கேள்வி ஒன்றுதான். ஒரு பாரத்தில் ‘முதல் விருப்பம்’ என்று அச்சடித்திருந்தால், அதை அப்படியே நம்பும்படி இந்த உலகம் என்னிடம் என்றைக்கு நடந்துகொண்டது?

சுங்கை காடுட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். அங்கே லீவு வேண்டுமென்றால் பாரத்தில் மூன்று தேதிகள் எழுத வேண்டும். முதல் தேதியை எங்கள் சூப்பர்வைசர் பார்த்த மாத்திரத்தில் அடித்துவிடுவார். இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு அடிப்பார். மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, சிறுநீரகமே தானம் செய்தவர்போல நம்மைப் பார்ப்பார். ஆகவே தீபாவளிக்கு லீவு வேண்டுமென்றால் தீபாவளியைக் கடைசியில் எழுத வேண்டும். தொழிற்சாலை முழுக்க இப்படித்தான் எழுதுகிறோம். (அவருக்கும் இது தெரியும் என்றே சந்தேகப்படுகிறேன்.)

இந்த நிலையில் என் மகள் மேகலா பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்தாள். மென்பொருள் பொறியியலில் மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு முன்னால் ஒரு இளங்கலைப் பட்டம் வேண்டுமாம். எந்தப் பட்டம் என்பதில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. (எனக்கு மட்டும் என்று புஷ்பா திருத்தச் சொல்கிறாள்.) நேராக அந்த மாஸ்டர்ஸுக்கே போனால் என்ன என்று கேட்டேன். எங்கள் ஊர் மம்பாவ் முழுக்க விசாரித்தேன். ஒருவர் மின்னியல் என்றார், ஒருவர் வணிகம் என்றார், ரொட்டி சானாய் போடுகிறவர்கூட அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு கருத்துச் சொன்னார்.

மேகலா பதற்றப்படவே இல்லை. கணினி அறிவியல் முதலில், கிடைக்காவிட்டால் கணிதம், அதுவும் இல்லையென்றால் புள்ளியியல். கணக்கில் கால் ஊன்றியிருந்தால் புரோகிராமிங்கைப் பிறகு பழகிக்கொள்ளலாம், மாஸ்டர்ஸில் அதைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பன்னிரண்டு கட்டங்கள். ஒன்றையும் காலியாக விடாதே என்று டீச்சர் சொன்னதால் மீதியை ஏதேதோ போட்டு நிரப்பினாள். பன்னிரண்டாவது கட்டத்தில் இருந்தது: தோட்ட நிர்வாகம்.

என் அப்பாவும் அம்மாவும் கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வெளியே தள்ளிவிட்டவர்கள். இவள் திரும்பி அங்கேயே போவதா? அதுவும் எந்த இடத்தில் எழுதியிருக்கிறாள்? கடைசி இடத்தில். கிடைக்கப்போகிற இடத்தில்!

திருத்தம் செய்ய அன்றுதான் கடைசி நாள். மேகலா சிரம்பானுக்குப் போயிருந்தாள். அவளுடைய கடவுச்சொல் ஐஸ்பெட்டிமேல் ஒட்டியிருந்தது. ஒரு தகப்பன் என்ன செய்வான்? பட்டியலைத் தலைகீழாக மாற்றினேன். தோட்டத்தைத் தூக்கி முதல் கட்டத்தில் வைத்தேன், அடிபட்டு ஒழியட்டும் என்று. கணினி அறிவியலைப் பத்திரமாகக் கடைசிக்குக் கொண்டுவந்தேன். உறுதிதானா என்று கணினி மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆமாம் என்று அழுத்தினேன். மேலே சிவப்பு எழுத்தில் மலாயில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. தொழிற்சாலைப் பாரத்திலும் சிவப்பு எழுத்து உண்டு, அதை யார் படிக்கிறார்கள்?

முடிவு வந்த நாளில் மேகலா கைப்பேசியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோட்ட நிர்வாகம்னு வந்திருக்கு,” என்றாள். “முதல் விருப்பமே கிடைச்சிருச்சுன்னு வாழ்த்து வேற சொல்றாங்க.”

“அது எப்படி? நான் அதை மேலதானே போட்டேன்,” என்று சொல்லிவிட்டேன்.

புஷ்பா அடுப்பை அணைத்தாள். “என்ன சொன்னீங்க?”

லீவுப் பாரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். மேகலா கடைசிவரை கேட்டாள். பிறகு, “ஏம்பா, உங்க சூப்பர்வைசர்தான் அங்கேயும் போய் உக்காந்திருக்காரா?” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மேல்முறையீடு செய்தோம். அதற்கு வந்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. விண்ணப்பதாரருக்கு அவருடைய முதல் விருப்பமே வழங்கப்பட்டிருப்பதால் பரிசீலிக்க இடமில்லையாம். இருபது வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட முதல் தேதியைக் கொடுக்காத உலகம், இதை மட்டும் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

மேகலா அந்தப் படிப்புக்கே போனாள். புள்ளியியல், புரோகிராமிங் என்று விருப்பப் பாடங்களை வளைத்து வளைத்து எடுத்தாள். பயிற்சிக்கு அவளைக் கெமாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கே அனுப்பினார்கள். எந்த நிரையில் எப்போது குலை வெட்ட வேண்டும் என்று வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோருக்கு நினைவுபடுத்தும் ஒரு சின்னச் செயலியை அங்கே எழுதினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாஸ்டர்ஸ் நேர்முகத்துக்குப் போனாள்.

மென்பொருள் படிக்க நினைத்தவர் ஏன் தோட்ட நிர்வாகம் எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என்னைப் பற்றி முழுவதும் சொல்லியிருக்கிறாள், சூப்பர்வைசர் உட்பட. மூன்று பேராசிரியர்களும் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்றாம். இடம் கொடுத்துவிட்டார்கள், ஆனால் கணினிப் பட்டம் இல்லாததால் மூன்று அடிப்படைப் பாடங்களைக் கூடுதலாகப் படிக்க வேண்டும். ஒரு செமஸ்டர் நீளும். அந்த செமஸ்டருக்கு வீட்டில் என் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பாரமும் என் கைக்கு வருவதில்லை. போன மாதம் முட்டி வலிக்கு மருத்துவமனைக்குப் போனோம். பாரத்தை நிரப்ப வந்த தாதி, எந்தக் கால் என்று என்னைக் கேட்டார்.

“அவரைக் கேக்காதீங்கலா மிஸ்ஸி, நான் சொல்றேன்,” என்றாள் புஷ்பா.

வலிப்பது என் கால்.