காயாத சுவர்

"வேலைக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் கல்யாணப் பேச்சை நிறுத்துங்கப்பா."

அப்பாவிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் கேட்டே விட்டாள்.

அப்பா பெயின்டரைக் கூப்பிட்டார். மகளுக்குப் பதில் சொல்வதைவிடச் சுவருக்குப் பூசுவது அவருக்குச் சுலபம். வெளிச்சுவர் பளிச்சென்று ஆனதும் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று சுவரைப் பார்த்தே சொன்னார்.

பெயின்டுக்கு அடியில் பூச, தண்ணீரில் கலக்கும் பிரைமர் போதும் என்றார் பெயின்டர். மாலையில் அடித்தது, விடிந்ததும் பாலாக வழிந்து கிடந்தது. மழையே பெய்யவில்லை.

"உள்ள ஈரம் இருக்கு சார். ஒரு மாசம் காயப் போடணும்."

"ஆயில் பிரைமரை அடிய்யா. ஈரமாவது ஒண்ணாவது."

ஆயில் பிரைமர் அம்மைபோலக் கொப்புளித்தது. அதன்மேல் இரண்டு கை பெயின்ட் அடிக்கச் சொன்னார். கொப்புளங்கள் தட்டுத் தட்டாக வீங்கி, பட்டை பட்டையாக உரிந்தன. குழாய்க்காரர் வந்து வாசலைத் தோண்டினார். கசிவு இல்லை, குழிதான் மிச்சம்.

மழையில்லை, கசிவில்லை, பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது? சுவர் அழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு கிளப்பிவிட்டார். அப்பா கட்டிலைச் சுவரோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டார். பல்லி கத்தினாலும் எழுந்து உட்கார்ந்தார். சுவர் காயட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஆறு வாரமாக அவரே போனில் கெஞ்சினார்.

மகளுக்கு வேறு பயம். எழுந்ததும் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். அது காய்ந்த அன்றைக்குத் தன் கதை முடிந்தது.

ஏழாம் வாரம் ஆர்டர் வந்தது. மறுநாள் காலையிலேயே பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். பெயின்டர் சுரண்டிக்கொண்டிருந்தார். குழிக்கு அந்தப்பக்கம் அப்பா.

"யாரைக் கேட்டுக் கிளம்பின?"

"கேட்க வரலப்பா. சொல்லிட்டுப் போக வந்தேன்."

"வீடே இடிஞ்சு விழப்போற நேரத்துலயா?"

அவள் குழியைத் தாண்டினாள், கேட்டைத் தாண்டினாள், திரும்பியே பார்க்கவில்லை. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அம்மா, மகள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுப் பெயின்டர் பக்கம் வந்தாள்.

"நாளைக்கே பிரைமரை அடிச்சிடுங்க. இனிமே விடியக்காலையில நான் தண்ணி ஊத்த மாட்டேன்."