எரிமலை சாரின் வெள்ளைச் செம்பு

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மழையைத் தன் சொந்தப் பகையாளியாக நடத்திய ஒரே மனிதர் எங்கள் எரிமலை சார்தான். ஏரி நிரம்ப வேண்டுமென்று ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிடும்போது, அவர் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு முறைத்துக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கம். கார் கம்பெனிகள் எதுவும் அப்போது எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் ஹெட்லைட் வளையங்களுக்கு முலாம் பூசும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். பக்கத்து அறை லேப். அதன் ஏகச் சக்கரவர்த்தி கெமிஸ்ட் எரிமலை சார். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. தினமும் அதைப் பார்க்கிற எனக்கே மறந்துபோகும்.

பட்டப்பெயருக்குக் காரணம், அலமாரியின் மேல்தட்டில் மெழுகு வைத்து அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கல். கப்பலில் வேலை பார்த்த அவர் மச்சான் இத்தாலியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. வெசுவியஸ் எரிமலையில் புகை கக்கும் பொந்துகளின் வாயில், அந்தப் புகையே படிந்து உண்டாகும் அபூர்வமான செம்புக் கல்லாம். ஈரக்காற்று பட்டாலே நீலமாகிவிடுமாம். தண்ணீரில் போட்டால் கரைந்தே போகுமாம்.

அதனால் லேபில் சட்டங்கள் கடுமை. ஈரத் தலையோடு வருகிறவர் வாசலோடு சரி. டீ டம்ளருக்கு அனுமதி இல்லை. ஒருமுறை நான் தும்ம வாயைத் திறந்தேன். "வெளிய போய்த் தும்முய்யா, அதுலயும் தண்ணிதான் இருக்குது" என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார். குப்பிதான் மூடியிருக்கிறதே என்றால், "கோட்டை மூடியிருந்தா காவல் வேணாமா?" என்பார்.

ஒருவரும் நம்பவில்லை. செம்புக் கல் என்றால் பச்சை, இல்லாவிட்டால் நீலம்; வளையங்களுக்குச் செம்பு ஏற்றும் எங்கள் தொட்டியில் கரைக்கும் நீல மயில்துத்தமே சாட்சி. கேன்டீனில் அதைப் படிகாரம் என்றார்கள். நம்பிய ஒரே ஆத்மா தொட்டி ஆபரேட்டர் அந்தோணி. கல்லைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

புதிதாக வந்த மேனேஜருக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. லேபுக்கே வந்து நின்றார்.

"நிஜம்னா தொறந்து ஒரு சொட்டு தண்ணி விட்டுக் காட்டுங்க. இல்லன்னா ஆயுத பூஜை முடிஞ்சதும் குப்பையில போட்டுடுவேன். நம்ம கெமிஸ்ட் புளுகறார்னு வர்றவங்கள்லாம் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும் சார். நீங்க நம்பணுங்கறதுக்காக நான் கல்லைக் கொல்ல மாட்டேன்."

"அப்ப உங்க வேலை?"

"குப்பி வெளிய போனா நானும் அதோட போறேன். இப்ப கொஞ்சம் நகருங்க, கதவைச் சாத்தணும். மழை வர்ற மாதிரி இருக்குது."

வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

குப்பியைக் காப்பாற்ற அந்தோணி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும், ஆயுத பூஜைக்கு முதல் ஆளாகச் சந்தனம் குழைப்பவர் அவர்தான். பூஜையில் பொட்டு வைத்த பொருளைக் குப்பையில் போட எந்த மேனேஜருக்கும் கை வராது என்பது அவர் கணக்கு. பூஜையன்று காலையில் சார் வருவதற்குள் மெழுகைக் கிள்ளியெடுத்து, கல்லின் நெற்றியில் குளிரக் குளிரச் சந்தனம் வைத்துவிட்டார்.

அந்தோணியின் கூச்சல் கேட்டு எல்லோரும் ஓடினோம். சந்தனத்தைச் சுற்றி நீலம் பரவியதில் அரண்டுபோய், கழுவிவிடலாம் என்று கல்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டிருக்கிறார். எங்கள் கண்ணெதிரே கல் கரைந்து முடிந்தது.

"சந்தனம் தானே, தண்ணியா இன்னானு வெச்சிட்டேன் சார்" என்று, அதற்குள் வந்துவிட்ட எரிமலை சாரிடம் அழுதார். "குப்பிக்கு மட்டும் பொட்டு வெச்சிருக்கலாம். கல்லுக்கு மரியாத வேணாவான்னு தோணிச்சு."

எரிமலை சார் கிண்ணத்தை எடுத்துப் போய் மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னா கலர் சார் இது?"

"நீலம்."

"அங்க கேன்டீன் ஆளுங்களுக்குக் கேக்கல."

"நீலம்தான்யா."

அப்புறம்தான் அந்தோணி பக்கம் திரும்பினார். "கண்ணைத் துடைப்பா. லேப்ல தண்ணிக்கு அனுமதி இல்ல."

"தண்ணி பட்டதும் கையில சுட்டுச்சு சார்."

சாரின் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. "சுட்டுச்சா? எப்படி, நிதானமா சொல்லு" என்று அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கைதான். அவர் கவலைப்படவில்லை.

பிறகு கிண்ணத்தை, வளையங்களில் செம்பு ஏற்றும் தொட்டியில் சாய்த்தார். "குப்பையில போடறேன்னீங்களே சார், இப்ப போடுங்க பாக்கலாம்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, லேப் ஜன்னல்களை விரியத் திறந்துவைத்தார்.

இன்றும் அந்தக் காலத்து ஸ்கூட்டர் எங்காவது நின்றால் ஹெட்லைட் வளையத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடுகிறது. வெயில்தான், எனக்குத் தெரியும். எரிமலை சார் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அதனால் நானும் ஒப்புக்கொள்வதில்லை.