பல் டாக்டரின் கியர் வைத்தியம்

பல் டாக்டர் அன்று சாப்பாட்டு மேஜையில் ஒரு சபதம் எடுத்தார். படகின் கியரைத் தானே சரிசெய்வது. அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள். அதிலும் முக்கியமாக, மச்சினன் கை படாமல்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியோடு படகு சவாரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். வந்ததும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, "தள்ளுங்க மாமா, நான் பாக்குறேன்" என்று குனிந்துவிட்டால் போதும். டாக்டரின் மானம் அங்கேயே தண்ணீரில் மூழ்கிவிடும்.

"கியர்னா என்ன? பல்லு வச்ச சக்கரம். பல்லுன்னு வந்துட்டா அது நம்ம டிபார்ட்மென்ட்டு," என்றார் டாக்டர்.

மனைவி தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவள் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்குப் பொறுப்பாளர். எந்தச் சாமான் எந்தத் தட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வீட்டில் ஒரு குண்டூசி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

படகு பாய்மரப் படகுதான். ஆனால் பாயெல்லாம் நடுத் தண்ணீரில் பெருமையடிக்க. துறையை விட்டுக் கிளம்புவதற்கும் திரும்பி வந்து நிற்பதற்கும் உள்ளே இருக்கும் டீசல் எஞ்சின்தான் கதி. படகுக்கு பிரேக் கிடையாது. ரிவர்ஸ் விழுந்தால் நிற்கும், விழாவிட்டால் பக்கத்துப் படகில் போய் நிற்கும்.

படகு ஓட்டும் பயிற்சிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தேதான் போனார்கள். அவள் முதல் தடவையிலேயே பாஸ். டாக்டர் மூன்றாவது தடவை. ஆனாலும் படகு வாங்கிய நாள் முதல் ஸ்டீரிங்கையும் கியரையும் அவர் யாரையும் தொடவிட்டதில்லை. ஒரு படகுக்கு ஒரு கேப்டன்தான் என்பது அவர் கட்சி. அவளுக்குக் கொடுத்திருந்த பதவி கயிறு பிடிப்பது. அவளும் நாலைந்து முறை கேட்டுப் பார்த்தாள். கயிறு பிடிப்பதும் லேசுப்பட்ட திறமை இல்லை என்று அவர் ஆறுதல் சொன்னார்.

சனிக்கிழமை காலை வைத்தியம் தொடங்கியது. ஏற்கெனவே இரண்டு சனிக்கிழமை இதே வைத்தியம் நடந்திருக்கிறது. இது மூன்றாவது. உட்காரும் பலகைக்கு அடியில் சாமான் வைக்கிற ஓர் அறை. அதற்குள்ளிருந்து தன் சிவப்பு டூல்ஸ் பெட்டியை டாக்டர் தூக்கினார். மூன்று அடுக்குப் பெட்டி. அதைத் தூக்கும்போது அவரே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். படகுக்காகவென்றே ஆசை ஆசையாய் வாங்கியது. வெள்ளைத் துணி விரித்து, சாமான்களை கிளினிக்கில் அடுக்குவது போலவே அடுக்கினார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங் பக்கத்து கியர் லீவரிலிருந்து கியர்பாக்ஸில் வந்து சேரும் கேபிளைக் கழற்றினார். கியர்பாக்ஸின் கொம்பைக் கையாலேயே முன்னும் பின்னும் ஆட்டினார். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. கியர்பாக்ஸ் ஆரோக்கியம், கோளாறு கேபிளில் என்று தீர்ப்புச் சொன்னார். கேபிளை மாட்டி, எண்ணெய் விட்டு, பிடிப்பை இறுக்கி, எஞ்சினைப் போட்டு லீவரைத் தள்ளினார். முன்னால் விழுந்தது. பின்னாலும் விழுந்தது. டாக்டரின் மார்பு இரண்டு அங்குலம் அகன்றது.

சாமான்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியை அறையில் இறக்கி, பலகையை மூடிவிட்டு, கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை லீவரைத் தொட்டார். அசையவில்லை.

போன இரண்டு சனிக்கிழமையும் இதே கதைதான். அவர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் கியர் விழும். வேலை முடித்து எழுந்தால் மக்கர் பண்ணும்.

"என்னைப் பாத்தா பயப்படுது. பேஷண்ட்டுங்களும் இப்படித்தான். என் நாற்காலியில உக்காந்ததும் பல்வலி போயிடும்," என்றார்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

கிளினிக்கில் அவர் எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வி அது. கயிறு பிடிக்கிறவள் அதைத் தன்னிடமே கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று திரும்பிக்கொண்டார்.

பெட்டி மறுபடி வெளியே வந்தது. டாக்டர் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில், அவள் ஒரு கயிறு எடுப்பதற்காக அந்த அறைக்குள் குனிந்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பலகையை மூடிவிட்டு வந்து, வெகு பணிவாகப் பேசினாள்.

"நாளைக்குத் தம்பி முன்னாடி கியர் விழலைன்னா என்ன பண்றதுங்க?"

"விழலைன்னா அன்னையிலேருந்து ஸ்டீரிங் உன் கையில. போதுமா?"

"எழுதிக் குடுங்க."

மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவர் கையெழுத்து உலகத்தில் இரண்டே பேருக்குப் புரியும். ஒருவர் மருந்துக் கடைக்காரர். இன்னொருவர் அவள்.

ஞாயிறு காலை. டூல்ஸ் பெட்டி தரையில் திறந்து கிடக்க, டாக்டர் மச்சினன் கண்ணெதிரே லீவரைப் பத்து முறை போட்டுக் காட்டினார். பத்து முறையும் விழுந்தது. பிரமாதம் மாமா என்றான் அவன். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கேபிளைப் பற்றி அவனுக்கே வகுப்பெடுத்தார்.

"டூல்ஸெல்லாம் எடத்துல வச்சிடுங்க. தம்பி பொண்டாட்டி கால்ல இடிச்சுக்கப் போறா," என்றாள் மனைவி.

நியாயமான பேச்சு. வைத்தார். மூடினார். கையைத் தட்டிக்கொண்டு, கேப்டன் குரலில் புறப்பாடு அறிவித்து லீவரைத் தள்ளினார். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். லீவர் அசையவில்லை, அவர் முகத்தில் ஈயும் ஆடவில்லை. மச்சினன் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தான்.

"நீ உக்காருடா," என்றாள் அக்கா. கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, நிறுத்தி நிதானமாகச் சத்தம் போட்டுப் படித்தாள். டாக்டர் எழுந்து இடம் விட்டார்.

"ஏங்க, அந்தப் பொட்டிய வெளிய எடுத்து மடியில வச்சுக்குங்க."

"எதுக்கு?"

"வச்சுக்குங்களேன்."

வைத்துக்கொண்டார். அவள் ஒற்றை விரலால் லீவரைத் தள்ளினாள். படகு கிளம்பியது.

டாக்டர் பலகையை நிமிர்த்தி எட்டிப் பார்த்தார். அறையின் அடித்தரையோடு கியர் கேபிள் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி உட்காரும் இடத்தில் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது. பெட்டி வாங்கி மூன்று வாரம். கியர் மக்கர் பண்ணியும் மூன்று வாரம்.

"தெரிஞ்சேதான் எடத்துல வைக்கச் சொன்னியா?"

"எப்பலேருந்துன்னு கேட்டேன். உனக்கெதுக்குன்னீங்க."

அப்புறம் இரண்டு மணி நேரம் அவள்தான் ஓட்டினாள். திரும்பி வரும்போது பக்கவாட்டில் நல்ல காற்று. துறையில் இவர்கள் இடமோ குறுகல். டாக்டர் படகு வருகிறது என்றாலே பக்கத்துப் படகுக்காரர், ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், இருக்கிற ரப்பர் மெத்தை எல்லாவற்றையும் தன் படகின் ஓரத்தில் தொங்கவிட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பார். இன்றும் நின்றார். அவள் காற்றைக் கணக்குப் பண்ணி, அவசரமே இல்லாமல் படகை அந்த இடுக்குக்குள் நேராகக் கொண்டுவந்தாள். எதிலும் உரசவில்லை. இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார்.

டாக்டருக்கு நெஞ்சு விம்மியது. தோற்றதுகூட மறந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரியையா கயிறு பிடிக்க விட்டிருந்தோம் என்று ஒரு பக்கம் வெட்கம், இவள் என் மனைவி என்று மறு பக்கம் தாங்க முடியாத பெருமை.

"யாரு சார் ஓட்டுறது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"என் சம்சாரம்," என்றார் டாக்டர், துறை முழுக்கக் கேட்கும்படி. அதோடு விட்டிருக்கலாம். "கியர் ரிப்பேர் மட்டும் நான்," என்று சேர்த்துக்கொண்டார். சொன்ன மிடுக்கில் பெட்டியோடு எழுந்து, பழக்கதோஷத்தில் பலகையைத் தூக்கினார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொட்டிய உள்ள வச்சிடாதீங்க. இன்னும் ரிவர்ஸ் போடணும்."